வலிக்காத புண்ணின்மீது நடப்பது

எந்த மருத்துவமனையானாலும், கால்புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையின் வாசலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி விழுந்த ஒருவர் நொண்டாமல், முகம் சுளிக்காமல், தம் பாட்டுக்கு நடந்து வருவார். பேருந்தில் இடம் கிடைக்காததால் வழி முழுக்க நின்றுகொண்டே வந்ததாகவும் சொல்வார். நரம்புகள் நல்ல நிலையில் உள்ள எவராலும் இது முடியாது. ஒரு நெருஞ்சி முள் ஏறினாலே நாம் அந்தக் காலைத் தரையில் ஊன்றமாட்டோம். சர்க்கரை நோயாளியின் கால்புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால், சர்க்கரையின் அளவை மட்டும் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். என் தாய்மாமாவுக்குத் துணையாக அத்தகைய வாசல்களில் பல மாதங்கள் காத்திருந்தவன் என்ற முறையில், பெரும்பாலான உள்ளங்கால் புண்கள் ஆறாததற்கு நேரடிக் காரணம், புண்பட்டவர் நாள்தோறும் அதன்மீதே நடந்துகொண்டிருப்பதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். இத்துறை மருத்துவர்கள் சொல்வதும் இதுவே.

பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது, உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. ஆகவே விரல் நுனியில் தொடங்கும் மரமரப்பு, காலுறை ஏறும் உயரம் வரை மெல்ல ஏறுகிறது. கெடுவது உணர்வு நரம்புகள் மட்டுமல்ல. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் கெடுவதால் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. விரல்களின் அடியில் உள்ள எலும்பு முனைகள் கீழ்நோக்கித் துருத்துகின்றன. முன்பு பாதம் முழுவதும் பரவி இறங்கிய உடல் எடை, இப்போது ஓரிரு இடங்களில் குவிகிறது. வியர்வை நரம்புகள் கெடுவதால் தோல் வறண்டு பாளம் பாளமாக வெடிக்கிறது. எடை குவியும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழுகிறது. அந்தக் காய்ப்பே, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போல, ஒவ்வோர் அடியிலும் தனக்கு மேலுள்ள சதையை நசுக்குகிறது. தோல் மூடியிருக்கும்போதே உள்ளே இரத்தம் கட்டிப் புண் உருவாகிவிடுகிறது. வெளியே ஈரமோ இரத்தமோ தெரிவது கடைசிக் கட்டத்தில்தான்.

மாமா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால் பெடலை மிதிப்பது அவருடைய தலைமுறை ஓட்டுநர்கள் பலருக்கும் பழக்கம். ஓய்வுக்குப் பிறகு அவருடைய வலது பெருவிரலின் அடிமேட்டில் ஒரு காய்ப்பு வளர்ந்தது. கால் ஆணி என்று தாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் கார்ன் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டார். அதிலுள்ள சாலிசிலிக் அமிலத்துக்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று தெரியாது. உணர்ச்சி உள்ளவர், எரியத் தொடங்கியதும் பிய்த்தெறிந்துவிடுவார்; உணர்ச்சி இல்லாதவருக்கு அது பக்கத்துத் தோலையும் அரித்துக்கொண்டு போவது தெரியவே தெரியாது. ஒருநாள் காலையில், குளியலறை வாசலிலிருந்து கூடம் வரை வெள்ளை டைல்ஸில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக விழுந்திருந்ததை அத்தைதான் பார்த்தார். “யாருக்கு கால்ல அடிபட்டிருக்கு?” என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்த அவரிடம், அந்த வரிசை போய் முடிந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா, “எனக்கில்ல, பிள்ளைங்களப் பாரு” என்று சொல்லியிருக்கிறார்.

பாத சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு உள்ள ஓரிடத்துக்கு அவரை அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த செவிலியர் முதலில் எடுத்தது மருந்தை அன்று, ஒரு கைப்பிடியின் நுனியில் செருகப்பட்ட நைலான் இழையை. மாமாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தின் வெவ்வேறு இடங்களில் அந்த இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தினார். சரியாக 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. பட்டால் “ஆமா” என்று சொல்ல வேண்டும். குதிகாலின் பக்கம் ஒருமுறை “ஆமா” என்றவர், முன்பாதம் முழுவதும் பேசாமல் இருந்தார். செவிலியர் கையை எடுத்துவிட்டார் என்று நினைத்து, “ஆரம்பிங்கம்மா” என்றார். இந்த இழை கிடைக்காத இடத்தில் விரலே போதும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். வீட்டில் யாரும் யாருக்கும் செய்து பார்க்கலாம்.

அடுத்து இரத்த ஓட்டம். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்பக்கத்திலும் நாடி பார்ப்பார்கள். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் பலருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருப்பதால், அடைப்பு இருந்தும் இந்த எண் நல்லதாகவே காட்டும். அப்போது கால்விரலில் அழுத்தம் அளந்து பார்க்க வேண்டும். ‘கால் சூடாத்தானே இருக்கு, ரத்தம் நல்லா ஓடுது’ என்று வீட்டில் நாம் செய்துகொள்ளும் சமாதானத்தை நம்பவே கூடாது. நரம்பு கெட்ட பாதம் பெரும்பாலும் சூடாகத்தான் இருக்கும். இரத்தம் போகாத காலில் என்ன கட்டுப் போட்டாலும் புண் ஆறாது. அடைப்பை நீக்கும் சிகிச்சை முதலில் நடக்க வேண்டும். மாமாவின் நல்ல நேரம், அவருக்கு இரத்த ஓட்டம் சரியாக இருந்தது.

பிறகு அந்தக் காய்ப்பை அறுவைக் கத்தியால் சீவினார்கள். மஞ்சள் நிறத்தில் தடித்திருந்த தோல் சுருள் சுருளாக உதிர உதிர, மேலே மிளகு அளவில் தெரிந்த வாய்க்கு அடியில் புளியங்கொட்டை நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. மரத்துப்போகும் ஊசி எதுவும் போடவில்லை. மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மருத்துவர் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை உள்ளே விட்டு அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தார். கம்பி கரடுமுரடாக எலும்பில் தட்டினால், எலும்பிலும் கிருமி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் அது தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால் இந்தச் சாதாரணக் கம்பிக்கு அவ்வளவு மதிப்பு. கம்பி எலும்பைத் தொடவில்லை. சீழும் இல்லை, சுற்றிலும் சிவப்பும் இல்லை. ஆகவே ஆன்டிபயாடிக் எழுதவில்லை. நாங்கள் அதிர்ச்சியடைந்தோம். இவ்வளவு பெரிய புண்ணுக்கு மாத்திரை இல்லாமலா என்று அத்தை இரண்டு முறை கேட்டார். கிருமித்தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதால் அது சீக்கிரம் ஆறுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதுதான் மிச்சம். மாத்திரைக்குப் பதிலாக மருத்துவர் சொன்னது மாவுக்கட்டு. “எலும்பு முறிஞ்சவனுக்குத்தான் சார் மாவுக்கட்டு. எனக்குப் புண்ணுதானே?” என்று மாமா மல்லுக்கு நின்றார்.

புண்ணுக்கு மாவுக்கட்டு என்ற யோசனை பிறந்த கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர், உணர்ச்சியற்ற பாதங்களில் வரும் புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நோயாளிகளை நடமாடவிட்டே ஆற்றினார். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். நோய் நரம்பைத்தான் கொல்கிறது, வலி தெரியாத கையும் காலும் அன்றாடக் காயங்களால்தான் தேய்ந்து போகின்றன என்பதை அவர் நிறுவினார். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்குவதும், ஆணி துருத்திய செருப்போடு நாள் முழுக்க நடப்பதும்தான் அந்தக் காயங்கள். இரவில் சிலருடைய விரல்கள் காணாமல் போனதற்குக் காரணம் எலிகள் என்று தெரிந்ததும், நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. இன்றும் எலி கடித்த காலோடு விடிந்தபிறகு எழுந்திருக்கும் சர்க்கரை நோயாளிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்திலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே புண், அதே இடங்களில் வருவதைக் கண்டு, வேலூரில் கற்றதை அங்கே செயல்படுத்தினார். எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்த சோதனைகளும் அங்கேதான் நடந்தன. தோலைக் கிழிக்கப் போதாத அழுத்தமும், நாள்தோறும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த இடம் முதலில் சூடேறி, வீங்கி, பிறகு புண்ணாகிறது. நம்மைப் போன்றவர்கள் இதிலிருந்து தப்பிப்பது, நடக்கும்போது நம்மை அறியாமலே காலை மாற்றி மாற்றி ஊன்றுவதால்தான். உணர்ச்சி போனவர்கள் ஆயிரமாவது அடியையும் முதல் அடி போலவே வைக்கிறார்கள்.

பாதத்தின் வளைவுகளோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழ் வரை போடப்படும் மாவுக்கட்டு, ஒரே புள்ளியில் இறங்கும் எடையைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்துவிடுகிறது. 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரங்களில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டக்கூடிய காலணி கொடுக்கப்பட்டவர்களில் 65 சதவீதத்தினருக்குத்தான் ஆறியது. எடையைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? கழற்றக்கூடிய காலணியில் ரகசியமாக ஓர் அளவுமானியைப் பொருத்திப் பார்த்தபோது, நோயாளிகள் தங்கள் நடையில் 28 சதவீதத்தை மட்டுமே அதைப் போட்டுக்கொண்டு நடந்தது தெரிந்தது. கழற்ற முடியும் என்றால் கழற்றிவிடுவார்கள். ‘ரெண்டு எட்டுதான், பாத்ரூம் வரைக்கும்தான்’ என்று. உள்ளங்காலின் முன்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வரும் நரம்புக்கோளாறுப் புண்ணுக்கு, கழற்ற முடியாத முழங்கால் உயரக் கட்டுதான் முதல் தேர்வு என்று சர்வதேச நெறிமுறைகள் இன்று சொல்கின்றன. இரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலுக்கும், தொற்று கடுமையாக உள்ள காலுக்கும் அது ஆகாது. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடும் என்பதால் முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்ற வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. தெரியாதவர் போட்டால் கட்டே புதுப்புண்ணை உண்டாக்கிவிடும். மாமா ஒரு வாரம் யாருடனும் சரியாகப் பேசவில்லை, அதன்பின் பழகிக்கொண்டார்.

கட்டு அறையின் வாசலில் பார்த்த வேறு சிலருக்கு இந்த வாய்ப்பு இல்லை. மஞ்சளும் காபித்தூளும் அப்பி, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து, விரல் கறுத்தபிறகு வந்தவர்கள் அவர்கள். வலி இல்லாத உடலில் தொற்று வேறு வழிகளில்தான் தன்னைக் காட்டும். மருந்தும் உணவும் மாறாதிருக்கச் சர்க்கரை திடீரென்று எகிறும். புண்ணின் கட்டிலிருந்து வாடை வரும். செருப்பு ஒருபக்கம் மட்டும் இறுக்கும். காய்ச்சல் வந்தால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது; கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ விரல் நீலம் பாரித்தாலோ அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் காலை அல்ல. எலும்பில் தொற்று ஏறிவிட்டால் ஆறு வாரம் வரை மருந்து தேவைப்படலாம், அல்லது அந்த எலும்பை எடுக்க வேண்டி வரலாம். விரலை எடுக்கச் சொன்னால் உடனே மறுப்பதும் சரியல்ல, உடனே ஒப்புக்கொள்வதும் சரியல்ல. இரத்த ஓட்டத்தை அளந்து பார்த்தீர்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

புண்ணே இல்லாமல் கால் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும் இன்னொரு நிலையும் உண்டு. 1868-ல் பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ, வேறொரு நரம்பு நோயில் மூட்டுகள் நொறுங்குவதை விவரித்தார். அவர் பெயராலேயே இது ஷார்கோ பாதம் எனப்படுகிறது. உணர்ச்சியற்ற பாதத்தின் எலும்புகளில் சிறு சிறு முறிவுகள் விழுந்த பிறகும் அதன்மீதே நடப்பதால், நடுப்பாதத்தின் வளைவு சரிந்து, அடிப்பகுதி தொட்டிலின் அடிப்பலகைபோல் வெளிவளைந்துவிடும். ஆரம்பத்தில் மாவுக்கட்டுப் போட்டு நடையை நிறுத்தினால் பாதத்தின் உருவத்தைக் காப்பாற்றலாம். ஆனால் சுளுக்கு, வாதம், தோல் தொற்று என்று ஏதோவொன்றாக நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் அந்த வாரங்கள் போய்விடுகின்றன.

புண் ஆறியதும் மாமாவுக்குக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு: மேலே மெத்தென்று அமுங்கும் நுண்துளை ரப்பர், கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி அடிப்பாகம், பின்பக்கம் வார். விரலிடுக்கில் கொக்கி இருக்காது. ஏனெனில் அந்தக் கொக்கியே விரலிடுக்கில் புண் உண்டாக்கும். தொழுநோயாளிகளுக்காக வேலூர் வட்டாரத்தில் உருவாகி வளர்ந்த இந்தச் செருப்பு, அந்த நோயின் அவப்பெயரையும் சுமந்துகொண்டே வந்திருக்கிறது. “இது அந்த நோய்க்காரங்க போடுற செருப்பாச்சே, பஸ் ஸ்டாண்டுல பத்துப்பேருக்கு என்னத் தெரியும்” என்று மாமா சொன்னார். இப்போது சாதாரணச் செருப்பைப் போன்ற நிறத்திலும் வடிவத்திலும் செய்கிறார்கள். ஆனால் கடைகளில் ‘சுகர் செருப்பு’ என்று பெயர் எழுதி விற்பவை எல்லாம் இவை அல்ல. முட்டு முட்டாகக் குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பையும், பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்கால் நடையையும் சர்க்கரை நோயாளிகளுக்கே சிபாரிசு செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உணர்ச்சியற்ற பாதத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கோயில் விஷயத்தில் மாமாவோடு வாதாட முடியவில்லை. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் கருங்கல் பிரகாரம் சுற்றி வந்து உள்ளங்கால் முழுவதும் கொப்புளித்தவர்கள் எல்லாப் பாத சிகிச்சைப் பிரிவுகளுக்கும் வருகிறார்கள். கடைசியில் காலைச் சந்திக்குப் போவது என்று உடன்பாடானது. மற்றவை சிறு பழக்கங்கள்: வீட்டுக்குள்ளும் செருப்பு, போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவுதல், வறண்ட பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய், விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் கூடாது, நகத்தை நேராக வெட்டுதல், பெண்கள் மெட்டி இறுகுகிறதா என்று பார்த்தல். மாமாவுக்குப் பார்வை மங்கல் என்பதால், இரவு உணவுக்குப்பின் அவருடைய உள்ளங்காலை அத்தை பார்க்கிறார்.

புண் ஆறுவதோடு கதை முடிவதில்லை. ஆறியவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது. ஐந்தாண்டுகளில் அது 65 சதவீதத்தை எட்டுகிறது. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தின் வெப்பத்தை நாள்தோறும் ஒப்பிட்டு, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடையைக் குறைத்துக்கொள்வது புண் வருவதைத் தடுக்க உதவும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாங்கள் சாதாரண அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பேசுவது நியாயமாகாது. லண்டனில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை 1981-ல் பாதத்துக்கென்று தனி மருத்துவப்பிரிவைத் தொடங்கி, சர்க்கரை மருத்துவர், அறுவை மருத்துவர், பாத மருத்துவர், காலணி செய்பவர், செவிலியர் அனைவரையும் ஓரிடத்தில் உட்கார வைத்தபோது, கால் அகற்றும் அறுவைகள் சில ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தன. 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழக அரசும் ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும் இடங்களில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் நம் ஊரில், அதற்குக் கூடுதலாகக் குனிவதைத் தவிர வேறு செலவில்லை.

சென்ற முறை போனபோது மாமாவின் வலது கால் நன்றாக இருந்தது. இடது பாதத்தில், அதே பெருவிரல் அடிமேட்டில், காய்ப்பு விழத் தொடங்கியிருந்தது. மாவுக்கட்டுக் காலத்தில் உடல் எடை முழுவதையும் அந்தக் கால்தான் வாங்கியிருக்கிறது. செவிலியர் காய்ப்பைச் சீவிவிட்டு, செருப்பின் உள்தட்டில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் குடைந்து தரச்சொல்லிச் சீட்டு எழுதினார். காலணி செய்பவர் மாடியில் இருந்தார். மாமா படியேறினார், நான் பின்னால் போனேன். மூன்று மாதம் கழித்து வரச்சொன்னவர்கள் அதை ஒரு மாதமாக மாற்றி அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள்.